லொறி வராத பாதை

மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார். தனக்கு 54 வயதென்றும், மகளின் சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறதென்றும், பெற்றோல் இல்லாத 2022ஆம் ஆண்டில் அதைத் துடைத்தெடுத்து மூன்று மாதம் ஓடியதாகவும், பெற்றோல் வந்ததும் விட்டுவிட்டதாகவும் சொல்லியிருந்தார். "இனி ஓடினால் முழங்கால் தாங்குமா? ஊர் சிரிக்காதா?" இதுதான் அவருடைய கேள்வி. ஊர் சிரிப்பதைப் பற்றி இந்தப் பக்கத்தில் பல தடவை எழுதியாயிற்று. ஊர் எதற்குத்தான் சிரிக்கவில்லை? முழங்காலுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன், 2024 மே மாதம் இங்கிலாந்தில் தங்கச்சி வீட்டில் நின்றபோது பார்த்த ஒரு பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டார்பிஷயர் என்றொரு பிரதேசம். அங்கே பீக் டிஸ்ரிக்ட் எனப்படும் மலைநாடு இருக்கிறது. மலை என்றவுடன் எங்கள் நுவரெலியாவை நினைக்கக்கூடாது. அவ்வளவு உயரம் இல்லை. ஆனால் ஏறுவதும் இறங்குவதுமாக ஓயாத மேடு பள்ளம். சுண்ணாம்புக்கல் பூமி. வயல்களைச் சுற்றிச் சாந்து எதுவும் பூசாமல், கல்லின்மேல் கல் அடுக்கிய வேலிகள். நெடுந்தீவுக்குப் போய் வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். அங்கே பவளக்கல், இங்கே சுண்ணாம்புக்கல், அடுக்கும் கைப்பக்குவம் ஒன்றுதான். முதற் பார்வையிலேயே எனக்கு அந்த இடம் அந்நியமாகப் படவில்லை.

அந்த மலைநாட்டின் நடுவே வை என்ற சிற்றாறு பள்ளத்தாக்கு வெட்டி ஓடுகிறது. அந்தப் பள்ளத்தாக்கு வழியே 1863ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை திறந்தார்கள். பின்னர் மன்செஸ்ரர் நகரத்துக்கும் லண்டனுக்கும் இடையே ரயில்கள் அதில் ஓடின. 1968இல் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைக் கழற்றிய பிறகு மிஞ்சிய படுகையை 1980ஆம் ஆண்டளவில் தேசியப் பூங்கா நிர்வாகம் பொறுப்பெடுத்து, நடப்பவர்களுக்குத் திறந்து கொடுத்தது. ஆனாலும் சுரங்கங்கள் பூட்டியே கிடந்தன. சுரங்க வாசலுக்கு வந்தவர்கள் மலையேறிச் சுற்றித்தான் போக வேண்டும். 2011 மே மாதத்தில் நான்கு பெரிய சுரங்கங்களையும் திருத்தி, விளக்குப் போட்டுத் திறந்தார்கள். அதன் பிறகுதான் அது சைக்கிள்காரர்களுக்கு முழுப் பாதையாயிற்று. பேக்வெல் என்ற சிறு பட்டினத்திலிருந்து மேற்கே பிளாக்வெல் மில் என்ற இடம் வரை சுமார் 14 கிலோ மீற்றர். மொன்சல் பாதை என்று பெயர். சைக்கிள், நடைக்காரர், சக்கர நாற்காலி, குதிரை இவ்வளவுதான் அனுமதி. கார் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, லொறி இல்லை.

தங்கச்சியின் மகள் எனக்குப் பெறாமகள். அவள்தான் இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தவள். "பெரியம்மா, மூண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்திருக்கிறன். சனிக்கிழமை போறம்" என்றாள். தங்கச்சி ஒரே பிடியாக நின்றாள். "நான் தொடமாட்டன். அக்காவும் நீயும் போங்கோ. நான் கடையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறன்."

பெறாமகளுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எங்கள் தலைமுறைக்குச் சைக்கிள் என்றால் உல்லாசம் இல்லை, சுமை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் இல்லை, வாகனமும் இல்லை. பாடசாலைக்குச் சைக்கிள், சந்தைக்குச் சைக்கிள், ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள். நெல்மூட்டை, விறகு, நோயாளி, பிள்ளைத்தாச்சி எல்லாமே கரியரில்தான் போயின. 1995 ஒக்ரோபர் கடைசியில் ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, தங்கச்சி ஒரு லேடீஸ் சைக்கிளில் அம்மாவின் உடுப்புப் பெட்டியையும் அரிசிப் பையையும் கட்டி உருட்டிக்கொண்டு போனாள். ஓடிப் போக இடமில்லை, அவ்வளவு சனம். அதன்பின் வெளிநாடு போனாள். 29 வருடமாக அவள் சைக்கிளில் ஏறியதில்லை. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாள், காற்றடித்துக் கொடுத்திருக்கிறாள், தான் ஏறவில்லை. அவளுடைய வீட்டுக்கு முன்னால் பெரிய வீதி, பஸ்ஸும் லொறியும் நாள் முழுக்க ஓடும். "இந்த ரோட்டில ஆரும் ஓடுவினமோ?" என்பது அவள் சொல்லும் காரணம். அது உண்மையான காரணமும்தான். ஆனால் அது மட்டும் இல்லை.

பழைய ரயில் நிலையமொன்றில் வாடகைச் சைக்கிள் கடையும் தேநீர்க்கடையும் இருந்தன. மூன்று சில்லு வண்டி, இருவர் ஓடும் நீளச் சைக்கிள், கையால் சுற்றும் வண்டி என்று வகை வகையாக நின்றன. தங்கச்சிக்குப் பெறாமகள் எடுத்தது மின்சாரம் உதவி செய்யும் சைக்கிள். இதைப் பற்றி வாசகிகள் தெரிந்துகொள்வது நல்லது. இது மோட்டார் சைக்கிள் இல்லை. பெடலை மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யும், விட்டால் அதுவும் விடும். அந்த நாட்டுச் சட்டப்படி மோட்டார் 250 வாட்டுக்கு மேற்படக்கூடாது, மணிக்கு 25 கிலோ மீற்றர் வேகம் வந்ததும் உதவி நின்றுவிட வேண்டும். அதற்குள் அடங்கினால் லைசன்ஸ் தேவையில்லை. ஏற்றத்தில் யாரோ பின்னால் கை வைத்துத் தள்ளுவது போலிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரப் பெண் தங்கச்சியிடம் ஓடச் சொல்லவில்லை. "இதைக் கொஞ்சத் தூரம் உருட்டிப் பாருங்கள்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். உருட்டினாள். உருட்டியபடியே நூறு யார் போனாள். நாங்கள் பேசாமல் நின்றோம். பிறகு ஒரு காலைத் தூக்கிப் பெடலில் வைத்தாள், மற்றக் காலால் நிலத்தை உந்தினாள், ஏறிவிட்டாள். ஊரில் பதினைந்து வயதில் ஏறிய அதே விதம். உடம்பு அதை மறப்பதில்லை. பெறாமகள் கைதட்டப் போனாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

புகையிரதப் படுகையில் சைக்கிள் ஓடுவதில் பெரிய வசதி ஒன்றுண்டு. ரயில் செங்குத்தாக ஏறமாட்டாது. இரும்புச் சில்லு இரும்பில் வழுக்கும். ஆகவே அந்தக் காலத்துப் பொறியியலாளர்கள் மலையைக் குடைந்தும், பள்ளத்தைப் பாலத்தால் கடந்தும் பாதையைச் சமனாக்கினார்கள். அவர்கள் ரயிலுக்காகச் செய்தது இன்று முழங்கால் நோ உள்ளவர்களுக்கு உதவுகிறது. சுற்றிலும் மலை, நீங்கள் மட்டும் இலேசான ஏற்றத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். பேக்வெல் பக்கமிருந்து தொடங்கினால் போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம். களைத்த பிறகு இறக்கம் வருவதுதான் நல்லது. எதிர்ப்பக்கம் தொடங்கினால் கடைசியில் ஏற்றம் காத்திருக்கும்.

தார் போடாத, இறுக்கிய சிறுகல் பாதை. மே மாதமாகையால் ஓரத்தில் காட்டுப் பூண்டு வெள்ளையாய்ப் பூத்திருந்தது. அந்த வாசனையில் தங்கச்சிக்கு ரசம் நினைவு வந்துவிட்டது. ஹெட்ஸ்டோன் என்ற சுரங்கத்துக்குள் நுழைந்தால் திடீரென்று குளிர். அரைக் கிலோ மீற்றருக்குச் சற்றே குறைவான நீளம். வெளியே வந்ததும் ஐந்து வளைவுகள் கொண்ட கற்பாலம், கீழே ஆறு. இந்தப் பாலத்தைக் கட்டியபோது ஜோன் ரஸ்கின் என்ற பெரிய எழுத்தாளர், பள்ளத்தாக்கைப் பாழாக்கிவிட்டார்கள் என்று கடுமையாகச் சாடினார். இன்று அதே பாலத்தைப் படம் பிடிக்கத்தான் சனம் வருகிறது. 1970இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகவும் அறிவித்துவிட்டார்கள்.

சுரங்க விளக்குகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவை விடியலிலிருந்து பொழுதுபடும் வரைதான் எரியும். அதன் பிறகு கும்மிருட்டு. உல்லாசமாக வருபவர்களுக்கு அது போதும். வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு அது பாதையாகாது. பாதை போடுபவர்கள் யாரை மனதில் வைத்துப் போடுகிறார்கள் என்பது இப்படியான சின்ன விடயங்களில் தெரிந்துவிடும். அதோடு, அந்தப் பாதை பக்ஸ்டன் என்ற பெரிய பட்டினத்துக்குச் சில மைல் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. நல்ல பாதைதான், ஆனால் ஊருக்குள் கொண்டுபோய் விடாது.

பாலம் தாண்டிப் போனால் ஆற்றோரத்தில் இரண்டு பழைய பஞ்சாலைகள் வருகின்றன. கிரெஸ்புறூக், லிற்றன். இப்போது அவற்றில் விலையுயர்ந்த குடியிருப்புகள். யன்னல்களில் பூச்சாடி. பார்த்தால் சொர்க்கம் போலிருக்கும். ஆனால் 1800களின் தொடக்கத்தில் இந்த ஆலைகளில் வேலை செய்தவர்களில் பலர் அநாதைப் பிள்ளைகள். தூரத்து நகரங்களின் ஏழை விடுதிகள், செலவு மிச்சம் என்று, பிள்ளைகளைத் தொழில் பழக என்ற பெயரில் ஆலைகளுக்கு எழுதிக் கொடுத்தன. றொபேர்ட் பிளின்கோ என்பவர் அப்படி வந்த ஒருவர். லண்டன் சென் பங்கிராஸ் ஏழை விடுதியிலிருந்து 1799இல், ஏழு வயதளவில், மற்றப் பிள்ளைகளோடு வண்டியேற்றப்பட்டார். ஆலையில் நல்ல இறைச்சியும் இனிப்பும் கிடைக்கும் என்று ஆசை காட்டித்தான் ஏற்றினார்களாம். முதலில் வேறோர் ஆலை, பிறகு லிற்றன். அங்கே பட்ட அடியையும் பசியையும் அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். அது 1832இல் நூலாக வந்தது. மறு வருடம் தொழிற்சாலைகளைப் பற்றிய அரச விசாரணையிலும் அவர் சாட்சி சொன்னார். இறந்த பிள்ளைகளைப் பக்கத்துக் கிராமங்களான ரைட்ஸ்வெல், ரடிங்ரன் தேவாலய வளவுகளில் புதைத்தார்கள். பிளின்கோ தப்பிப் பிழைத்து, சிறு வியாபாரம் செய்து, தன் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அவர் வண்டியேறிய அதே சென் பங்கிராசில்தான் பிற்காலத்தில் இந்த ரயில் பாதையின் லண்டன் நிலையம் எழும்பியது.

இதைப் பெறாமகளுக்குச் சொன்னபோது, "இவ்வளவு அழகான இடத்திலயா, பெரியம்மா?" என்று கேட்டாள். எங்கள் மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களும் அழகான இடங்கள்தான். அங்கிருந்து எத்தனை சின்னப் பெண்பிள்ளைகள், சாப்பாடு கிடைக்கும், படிக்கலாம் என்று சொல்லி யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் கொழும்பு வீடுகளுக்கும் வேலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியவர்கள் எத்தனை பேர்?

அந்தப் பாதையில் மீண்டும் ரயில் விட வேண்டும் என்று கேட்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். சைக்கிள்காரர்களுக்கு அது கோபம். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் படுகிறது. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம். தண்டவாளம் கழன்றுபோன அந்த மேட்டில் 24 வருடமாக நடந்தும் சைக்கிள் ஓடியும் பழகியவர்கள், பாதை போய்விட்டதே என்று அழவில்லை. கிழவிகள் ரயிலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஆகவே ரயில் கேட்பவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதற்குப் பதிலாக வேறு பாதை போட்டுத் தருவார்களா என்பதுதான் கேட்க வேண்டியது.

இந்த மலைநாடு இப்படித் திறந்து கிடப்பதற்குப் பின்னால் பலருடைய பாடு இருக்கிறது. ஒரு காலத்தில் மலைகள் பிரபுக்களின் வேட்டை நிலங்கள், வெளியார் மிதிக்கக்கூடாது. 1932 ஏப்ரலில் தொழிலாளர்கள் திரண்டு கிண்டர் ஸ்கவுட் மலையில் அத்துமீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறை போனார்கள். 1951இல் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாகப் பீக் டிஸ்ரிக்ட் ஆனது. அதில் எதெல் ஹெய்தோன்துவைற் என்ற ஷெபீல்ட் நகரப் பெண்ணின் பங்கு பெரியது. முதலாம் உலகப் போரில், 1917இல், கணவனை இழந்தவர். துக்கத்தில் முடங்கிக் கிடந்தவரை மலைநடைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேதான் அவர் தேறினார். 1924இல் அந்த நிலக்காட்சியைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார். லோங்ஷோ என்ற 747 ஏக்கர் காணி விற்பனைக்கு வந்தபோது பொதுமக்களிடம் பணம் திரட்டி அதை மீட்டெடுப்பதில் முன்னின்றார். கணவன் செத்தால் மூலையில் இரு என்று சொல்லும் ஊர்களில் இந்தக் கதையைச் சத்தமாகச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஈம் என்ற கிராமத்துக்குப் போனோம். மொன்சல் பாதையிலிருந்து கிட்டத்தான். ஆனால் அங்கே போகத் தனிப் பாதை கிடையாது. நடுவில் கல்லுடைக்கும் குவாரிகளின் லொறிகள் ஓடும் பிரதான வீதி வருகிறது. அதன்பின் செங்குத்தான ஏற்றம். முதல்நாள் 20 கிலோ மீற்றருக்கு மேல் ஓடிய தங்கச்சி, "இதிலயும் சைக்கிளில போவமே" என்று ஆசையோடு கேட்டாள். பெறாமகள்தான் வேண்டாம் என்று காரை எடுத்தாள். அந்த லொறிகளைப் பார்த்த பிறகு நானும் மறுக்கவில்லை. எங்கள் ஊரில் மணல் ஏற்றிய டிப்பர் பின்னால் வரும்போது கானோரம் ஒதுங்கி நின்ற பெண்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

ஈம் மிகப் பழைய கிராமம். 1665ஆம் ஆண்டு செப்ரெம்பரில் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்குத் துணிப்பொதி வந்தது. அதோடு பிளேக் நோயும் வந்தது என்பார்கள். துணியைப் பிரித்த உதவியாள் சில நாட்களில் இறந்தார். மறு வருடம் ஜூன் மாதத்தில், வில்லியம் மொம்பெசன் என்ற குருவானவரும் அவருக்கு முன்பிருந்த தோமஸ் ஸ்ரான்லியும் சேர்ந்து கிராமத்தவரிடம் பேசினார்கள். யாரும் வெளியே போவதில்லை, நோயை அயற்கிராமங்களுக்குக் கொண்டுபோவதில்லை என்று ஊர் முடிவெடுத்தது. எல்லைக் கல்லொன்றில் குழிகள் தோண்டி, அவற்றில் வினாகிரி ஊற்றி, காசை அதற்குள் போட்டு வைப்பார்கள். வெளியூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். அந்தக் கல் இன்றும் இருக்கிறது. குழிகளுக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். 2020இல் ஊரடங்குக் காலத்தில் படலையடியில் பாணும் மரக்கறியும் வைத்துவிட்டு எட்ட நின்று கூப்பிட்டவர்களை நினைத்துக்கொண்டேன்.

பதினான்கு மாதத்தில் 260 பேரளவில் இறந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறது. குருவானவரின் மனைவி கதறின் தன் இரு பிள்ளைகளையும் முன்னரே வெளியூர் அனுப்பிவிட்டுக் கணவனோடு நின்றவர். 1666 ஓகஸ்டில் அவரும் போனார். கிராமத்துக்கு வெளியே வயல் நடுவில் வட்டக் கல்வேலிக்குள் ஏழு சமாதிகள். எலிசபெத் ஹன்கொக் என்ற பெண் எட்டு நாட்களுக்குள் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தானே இழுத்துப்போய்த் தானே குழி வெட்டிப் புதைத்தாள். அவளுக்கு நோய் வரவில்லை. பின்னர் ஷெபீல்டில் இருந்த மகனிடம் போய்ச் சேர்ந்தாளாம். பலகையில் எழுதியிருந்ததைத் தங்கச்சி இரண்டு முறை வாசித்தாள். "ஊரை விட்டுப் போகாமல் இருந்ததுக்கும் இப்பிடிக் கதை இருக்குதக்கா" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

இனி முழங்கால். வாசகி கேட்டதற்குப் பெறாமகளும் கடைக்காரப் பெண்ணும் சொன்னவற்றோடு என் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் பெண்கள் பெரும்பாலும் சீற்றைப் பதித்து வைத்து ஓடுகிறார்கள். இரண்டு காலும் நிலத்தில் ஊன்ற வேண்டும் என்ற பயம். அதுதான் முழங்காலைக் கெடுக்கும். குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் நிற்கும்போது கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்துக்குச் சீற்றைத் தூக்குங்கள். ஓடும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் சற்றே மடிந்திருக்கும், அது சரியான அளவு. நிறுத்தும்போது சீற்றை விட்டு முன்னால் இறங்கிப் பழகுங்கள், இரண்டு நாளில் பிடிபடும்.

கியர் உள்ள சைக்கிளென்றால், ஏற்றத்தில் முன்னால் சின்னப் பல்சில்லும் பின்னால் பெரிய பல்சில்லும் வரும்படி போட்டுக்கொள்ளுங்கள். அழுத்தி மெதுவாக மிதிப்பதைவிட இலேசாகக் கெதியாக மிதிப்பதே முழங்காலுக்கு நல்லது. ஏற்றம் தொடங்க முன்னரே மாற்றிவிட வேண்டும், நடு ஏற்றத்தில் மாற்றினால் செயின் இறுகும். கியர் இல்லாத லேடீஸ் சைக்கிளென்றால் ஏற்றத்தில் இறங்கி உருட்டுவதில் வெட்கமில்லை. இறக்கத்தில் இரண்டு பிறேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். மலையகத்து வாசகிகள் மழை நாளில் பிறேக் பிடிக்கத் தாமதமாகும் என்பதை மறக்க வேண்டாம். முழங்கால் வீங்கியிருந்தால் அல்லது இரவில் நொந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். சாதாரண விறைப்பென்றால் முதல் வாரம் பத்து நிமிடம், விடியப்புறம், வாகனம் குறைந்த ஒழுங்கையில் ஓடிப் பாருங்கள். குளக்கட்டுப் பக்கத்தில் வீடென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. உங்கள் பிரதேசத்தில் வாகனம் வராமல் சைக்கிள் ஓடக்கூடிய இடம் எது என்று எனக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் ஊர் ஊராகப் போடுவோம்.